அலமாரிக்குள் ஒரு கதாநாயகன்

சென்ற வாரம் கண்ணாடிக்காரரை அலமாரிக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தியதோடு நிறுத்தியிருந்தோம். பாவம் மனிதர், ஒரு வாரமாக உள்ளேயே நிற்கிறார். முதலில் அவரை வெளியே விடுவோம்.

கதவு திறந்தது. வியர்த்து வழிந்து, மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து, தோளில் ஒரு ஸ்வெட்டரின் கை தொங்க, அவர் வெளியே வந்தார்.

"உள்ள காத்தே இல்ல," என்றார்.

"காத்து இருந்தா சத்தம் வரும். சத்தம் வரக்கூடாதுன்னுதானே அலமாரி?" என்றாள் மனைவி. அவள் கதாசிரியை. கதாசிரியைகள் அடுத்தவர் மூச்சுமுட்டுவதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. கண்ணாடிக்காரர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, வீட்டிலும் எதையும் கேள்வியாகத்தான் பேசுவார். குரலும் சன்னம். ஆனால் ஹெட்போனை மாட்டி, துணிகளுக்கு நடுவே இருட்டில் நிறுத்திவிட்டால் வேறு ஆள். அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் வரும் பாருங்கள், கேட்கிற பெண்கள் அடுப்பில் வைத்ததை மறந்துவிடுவார்கள். மனைவி, போனில் கதை கேட்கிற ஒரு ஆப்புக்காக எழுதும் காதல் தொடரில் கதாநாயகன் 'முதலாளி' அவர்தான். இது வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் பவர் பார்க்க வரும் பெண்கள் பாதிப் பேர் நாற்காலியை விட்டு ஓடிவிடுவார்கள், மீதிப் பேர் எழுந்திருக்கவே மாட்டார்கள்.

அலமாரியில் ஒன்றரை ஆள் நிற்கலாம். முழு ஆள் அவர். அரை ஆள், வசனத் தாளும் டார்ச்சுமாக நீளும் மனைவியின் கை. மற்ற சத்தங்களுக்கு, தனி மைக்கோடு ஹாலில் ஓர் இலாகா. அதற்கு அத்தை பொறுப்பு. கண்ணாடிக்காரரின் அக்கா. தட்டில் உலர்ந்த பட்டாணியை உருட்டினால் மழை. பழைய பெட்டியைத் திறந்தால் மாளிகைக் கதவு. அவளுடைய தலைசிறந்த படைப்பு, அறை. ரப்பர் செருப்பால் சோபா மெத்தையில் ஒரு போடு போட்டாள் என்றால் கேட்கிறவர் கன்னத்தைத் தடவிக்கொள்வார்.

எந்த வசனத்துக்கு எந்தச் சத்தம் என்று அத்தைக்குத் தெரிய வேண்டாமா? அதற்காக ஹாலில் ஒரு ஸ்பீக்கர். அலமாரியில் பேசுவது ஹாலில் கேட்கும். ஹாலில் பேசுவது அலமாரிக்குக் கேட்காது. இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சிக்கலுக்கு வருவோம். சில வாரங்களுக்கு முன், விறுவிறுப்பு போதவில்லை என்று ஆப்காரர்கள் முகம் சுளித்ததால், முதலாளி நாயகியைச் சந்தேகப்பட்டு அறைந்துவிட்டான். அறைந்து, ரூமில் வைத்துப் பூட்டியும் விட்டான். கேட்டவர்கள் கொதித்தார்கள். அவனைத் தூக்கில் போடச் சொன்னார்கள். அடுத்த எபிசோடில் பூட்டிய கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, கண்ணாடிக்காரரின் குரலில் அவன் "தூக்கம் வரல" என்று ஒரே ஒரு வரி சொன்னான். அவ்வளவுதான், தூக்குக் கயிறை எல்லோரும் சுருட்டி வைத்துவிட்டார்கள். ஆப்பில் ஓட்டெடுப்பு நடந்தது. 'முதலாளி மன்னிக்கப்பட வேண்டும்' அமோக வெற்றி.

காலையிலேயே ஆப்பின் தயாரிப்பாளர் போன் போட்டுவிட்டாள்.

"மேடம், மன்னிப்பு எபிசோட் இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள வந்தாகணும். அப்பதான் அடுத்த சீசன் ஹனிமூன். உங்களால முடியலைன்னா சொல்லிடுங்க, எழுதறதுக்கு வேற ஆள் ரெடியா இருக்காங்க."

கதாசிரியை விடிந்ததிலிருந்து எழுதினாள், கிழித்தாள். முதலாளிக்குக் காய்ச்சல் வரவைத்தாள். போதவில்லை. மாடிப்படியில் உருட்டிவிட்டாள். அதுவும் போதவில்லை. அடித்தவனுக்கு அடிபட்டால் கணக்கு நேராகிவிடும் என்பது காதல் கதை உலகத்தின் சட்டம். ஆனால் இன்றைக்கு எத்தனை எலும்பை முறித்தாலும் அவளுக்கே மனசு இறங்கவில்லை.

"மன்னிச்சா என்ன குறைஞ்சுடும்?" என்றாள் அத்தை, காபியை ஆற்றியபடி. "அம்மா இல்லாம வளந்த பையன்."

"அம்மா இல்லைன்னு எழுதினதே நான்தான் அண்ணி."

"எழுதினது நீயா இருந்தா என்ன? அம்மா இல்லாதது அவனுக்குத்தானே!"

கண்ணாடிக்காரர் மெதுவாகக் கேட்டார். "நாமளும் அம்மா இல்லாமதானே வளந்தோம், அக்கா?"

"நீ யார அடிச்ச? கொசுவ அடிக்கவே என்னத்தான் கூப்பிடுவ."

அந்த நேரம் பார்த்து மகள் உள்ளே வந்தாள். டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிறாள். அன்றைக்குக் காலையில் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த ஒரு வக்கீல் அவளைக் குப்பைத்தொட்டியோடு சேர்த்து நசுக்கப் பார்த்திருக்கிறார். அவள் காலடியிலும் ஒரு பிரேக் இருந்ததால் வீடு வந்து சேர்ந்தாள்.

இவளும் புருஷன் வீட்டிலிருந்து வந்து மாதக்கணக்காகிறது. "ஒத்து வரல" என்று இரண்டே வார்த்தைதான் சொன்னாள். "கோவக்காரர்" என்று இன்னொரு நாள் ஒரு வார்த்தை. அதற்கு மேல் யார் தோண்டினாலும் பெயரவில்லை. போன வாரம் அந்தப் புருஷன் அத்தைக்குப் போன் செய்து, தான் அடியோடு திருந்திவிட்டதாகவும், ஒரு தடவை நேரில் வந்து பேச அனுமதி வேண்டும் என்றும் தழுதழுத்தான். அத்தை உருகி ஓடிவிட்டாள். இன்றைக்குச் சாயங்காலம் வரச் சொல்லியிருந்தாள். அவனோடு திரும்பிப் போவதா இல்லையா என்று மகள் இன்றைக்குச் சொல்லியாக வேண்டும்.

"நீ சொல்லுடி," என்றாள் கதாசிரியை. "முதலாளிய மன்னிக்கலாமா?"

"என்ன ஏம்மா கேக்கற? நான் கதையே கேக்கறதில்ல."

அது உண்மை. ரெக்கார்டிங் ஆரம்பித்தால் மகள் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுவாள். கழுவுவாள், துடைப்பாள், திரும்பக் கழுவுவாள். கண்ணாடிக் கடைக்காரர் பெண், சுத்தம் ஜாஸ்தி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி, உன் புருஷனுக்கு என்ன சொல்லப் போற?"

"வரட்டும். என்ன சொல்றார்னு கேக்கறேன்." அவள் அப்பாவைப் பார்த்தாள். "நீங்க என்னப்பா சொல்றீங்க?"

கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடியும் துடைத்தார். "உனக்கு எது வசதியோ… இல்லையா?" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று அலமாரியைப் பார்த்து நடந்தார். காற்று இல்லை என்று இப்போதுதானே புலம்பினார்? அந்த மனிதர் மகளின் முகத்தை நேராகப் பார்த்தே வெகு நாளாயிற்று.

* * *

சாயங்காலம் வருவதாகச் சொன்னவன் மத்தியானமே வந்து மணியடித்தான். திருந்தியவர்களுக்கு அவசரம் அதிகம்.

கதாசிரியையும் கண்ணாடிக்காரரும் படுக்கையறையில் ரெக்கார்டிங்கில் இருந்தார்கள். அத்தை ஹாலில் ஸ்பீக்கர் பக்கத்தில் செருப்போடு தயாராக உட்கார்ந்திருந்தாள். மகள்தான் கதவைத் திறந்தாள்.

அவன் மெத்தைக் கடையில் மேனேஜர். வெள்ளைச் சட்டை, குனிந்த தலை, கையில் ஒரு தலையணை.

"பெரியம்மா, இது உங்களுக்கு," என்று அத்தையின் மடியில் அதை வைத்தான். "கழுத்து வலியே வராது. அமுக்கிப் பாருங்க. எவ்வளவு அமுக்கினாலும் ஒண்ணும் ஆகாது, பழையபடி ஆயிடும். அதுதான் இதோட ஸ்பெஷல்."

"எதுக்கு மாப்பிள்ளை இதெல்லாம்!" என்று அத்தை அமுக்கிப் பார்த்தாள். பழையபடி ஆனது. அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. தம்பி மகளைப் பார்த்துக் கண்ணால், 'பார்த்தாயா?' என்றாள்.

மகள் எதிரில் உட்கார்ந்தாள். அவன் தொண்டையைக் கனைத்தான்.

அவன் வாயைத் திறப்பதற்குள் ஸ்பீக்கர் முந்திக்கொண்டது. "போகாதே. நான் சொல்றத ஒரு நிமிஷம் கேட்டுட்டுப் போ."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "முதலாளி! நீங்களும் கேக்கறீங்களா பெரியம்மா? இது எந்த எபிசோட்? இன்னும் வரலையே!"

"அது… முன்னாடியே வரும்," என்று அத்தை சமாளித்தாள். "காசு கட்டினா."

"நான் ஒண்ணு விடாம கேட்டுட்டேன். கடைக்குப் போகும்போது, வரும்போது, ராத்திரி படுக்கும்போது. சொன்னா நம்பமாட்டீங்க, என்னத் திருத்தினதே அவர்தான்."

"அவன் இன்னும் திருந்தவே இல்லையே? இன்னிக்குத்தானே எழு—" அத்தை நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவன் கவனிக்கவில்லை. மனைவி பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். "இங்க பாரும்மா. அவர் பண்ணினதோட ஒப்பிட்டா நான் பண்ணினது ஒண்ணுமே இல்ல. அவர் ரூம்ல வச்சுப் பூட்டினார். நான் பூட்டினேனா?"

"இல்ல," என்றாள் அவள். "நம்ம வீட்டுல எந்தப் பூட்டும் சரியில்ல."

"அவரையே மன்னிக்கச் சொல்லி ஓட்டு போட்டிருக்காங்க. யாரு? பொண்ணுங்க! ஊர் உலகமே அவர மன்னிக்குது, நீ உன் புருஷன மன்னிக்கமாட்டியா? நான் தூங்கி எத்தனை நாள் ஆச்சு தெரியுமா?"

"நான் தூங்கி எத்தனை நாள் ஆச்சு தெரியுமா?" என்று ஸ்பீக்கரும் கேட்டது.

"எனக்குச் சாப்பாடு இறங்கல. எட்டு கிலோ இளைச்சுட்டேன்."

அவன் சட்டைப் பொத்தான்கள் வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தன. மகள் அவற்றைப் பார்த்தாள்.

"ஒரு பருக்கை இறங்கல எனக்கு," என்றது ஸ்பீக்கர்.

"கேட்டியா? அவருக்கும் அதேதான்!" என்று அவன் உற்சாகமானான். தனக்கு வக்கீல் கிடைத்துவிட்ட மாதிரி ஸ்பீக்கரைத் தட்டிக்கொடுத்தான். "ஆம்பளைக்குக் கோவம் வர்றது இயற்கைம்மா. அப்புறம் நாங்க படற வேதனை இருக்கு பாரு, அது யாருக்கும் தெரியறதில்ல."

"அன்னிக்கு ராத்திரி," என்றது ஸ்பீக்கர், குரல் தழுதழுக்க. "அன்னிக்கு ராத்திரி என் கை… இந்தப் பாழாப்போன கை… உன் கன்னத்துல—"

அத்தையைக் குறை சொல்ல முடியாது. இத்தனை மாதப் பழக்கம். அந்த இடம் வந்தால் கை தானாக எழுந்துவிடும். செருப்பை ஓங்கி, மடியிலிருந்த புதுத் தலையணையில் ஒரு போடு போட்டாள்.

பளார்!

அவன் துள்ளி எழுந்துவிட்டான். அத்தைக்கே ஒரு நிமிஷம் ஆச்சரியம். இவ்வளவு அருமையான அறை அந்த சோபா மெத்தையில் என்றைக்குமே வந்ததில்லை. அதைச் சொல்லலாம் என்று எழுந்தவள், அப்படியே நின்றாள்.

தம்பி மகளின் முகத்தில் கண்ணாடி இல்லை. அது மடங்கி, அவள் உள்ளங்கைக்குள் பத்திரமாக இருந்தது. கண்களை இறுக மூடியிருந்தாள்.

"ஏன்டி கண்ணாடியக் கழட்டின?"

மகள் கண்ணைத் திறந்து தன் கையைப் பார்த்தாள். கழற்றியது அவளுக்கே தெரியவில்லை.

"பழக்கம் அத்தை."

"என்ன பழக்கம்?"

"உடைஞ்சா அப்பா பாவம் இல்ல? அவர்தானே மறுபடி நிமித்தணும்."

மழை, இடி, குதிரை, மாளிகைக் கதவு, எதையும் செய்யத் தெரிந்த அத்தைக்கு அப்போது ஒரு சத்தமும் வரவில்லை. இந்த வீட்டில் ஒவ்வொரு அறைச் சத்தத்துக்கும் இவள் குழாயடிக்குப் போனது எதற்கு என்று அவளுக்கு இப்போது விளங்கிவிட்டது. கையிலிருந்த செருப்பைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

"அட, அதெல்லாம் பழைய விஷயம் பெரியம்மா," என்றான் அவன். "அதான் திருந்திட்டேன்னு சொல்றேனே. எத்தனை தடவை சொல்றது?"

"நிறுத்து," என்றது ஸ்பீக்கர்.

இந்தத் தடவை அது முதலாளியின் குரல் அல்ல. சன்னமான குரல்.

"ஏங்க, தொண்ட கட்டிடுச்சா?" இது கதாசிரியை.

"தொண்ட நல்லாத்தான் இருக்கு. இத என்னால படிக்க முடியல. இவன் என்ன பேசறான் பாரு. நான் தூங்கல, நான் சாப்பிடல, நான் இளைச்சேன். எல்லாம் நான், நான். அந்தப் பொண்ணு தூங்கினாளான்னு ஒரு வரி இருக்கா? வலிச்சுதான்னு ஒரு கேள்வி இருக்கா? இதுக்குப் பேரு மன்னிப்பாம்மா? டாக்டர் சீட்டு மாதிரி இருக்கு."

"மன்னிப்புன்னா எல்லாரும் இப்படித்தாங்க எழுதறோம். கேக்கறவங்க அழணும் இல்ல?"

"யாரப் பாத்து அழணும்?" ஸ்பீக்கரில் ஹெட்போனைக் கழற்றும் சத்தம் கேட்டது. பிறகு, "நம்ம பொண்ணு கண்ணாடி எத்தனை தடவை ரிப்பேருக்கு வந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

"கீழ போட்டுட்டேன்னு எடுத்துட்டு வருவா. கை நிக்காது அவளுக்கு."

"கீழ விழுந்தா காதுகிட்ட வளையும். இல்லைன்னா லென்ஸ்ல கீறல் விழும். அது ஒவ்வொரு தடவையும் மூக்குத்தண்டுல வளைஞ்சிருந்துச்சு. முகத்துல போட்டிருக்கும்போதே… முதல் தடவையே எனக்குத் தெரிஞ்சு போச்சும்மா."

"தெரிஞ்சு?" கதாசிரியையின் குரல் எங்கேயோ போய்விட்டது. "தெரிஞ்சு என்னங்க பண்ணினீங்க?"

"நிமித்தினேன். துடைச்சேன். பெட்டியில வச்சு, பத்திரமா வச்சுக்கம்மான்னு குடுத்து அனுப்பினேன். ஒரு வார்த்தை கேக்கல. கேட்டா அவ சொல்லிடுவாளோன்னு பயம்."

ஹாலில் மகள் கையிலிருந்த கண்ணாடியின் மூக்குத்தண்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

மெத்தைக்காரன் ஸ்பீக்கரைப் பார்த்தான், படுக்கையறைக் கதவைப் பார்த்தான், மறுபடி ஸ்பீக்கரைப் பார்த்தான். வாய் பிளந்துகொண்டது.

"மாமா குரல்… மாமாவா முதலாளி?"

பாருங்கள், இவ்வளவும் கேட்ட பிறகு அந்த மனிதனின் மனதில் பதிந்தது அது ஒன்றுதான்!

கதவு திறந்தது. தோளில் ஸ்வெட்டர் கையோடு கண்ணாடிக்காரர் வந்தார். பின்னால் வசனத் தாளோடு கதாசிரியை. ஹாலில் நின்றிருந்த மாப்பிள்ளையைப் பார்த்ததும் இருவரும் ஸ்பீக்கரைப் பார்த்தார்கள். கண்ணாடிக்காரரின் முகம் வெளிறிவிட்டது.

"மாமா! நான் உங்க பெரிய ரசிகன்!" என்று அவன் கையைப் பிடிக்கப் போனான். பாதியில் ஏதோ உறைத்து, மனைவி பக்கம் திரும்பினான். "இத்தனை நாளா என்கிட்ட இத மறைச்சிருக்க! குடும்பமாச் சேந்து என்ன முட்டாளாக்கியிருக்கீங்க. நான் உன் அப்பன் குரலக் கேட்டு அழுதுட்டு இருக்கேன், நீ உள்ளுக்குள்ள சிரிச்சுட்டு இருந்திருக்க!" குரல் ஏறியது. ஒரே எட்டில் அவள் முன்னால் போய் நின்றான். "வாயத் திறந்து பதில் சொல்லு!"

கண்ணாடிக்காரர் எப்படி நடுவே வந்தார் என்று அவருக்கே தெரியாது. வந்துவிட்டார். வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தார்.

"உட்காரு."

அடிவயிற்றிலிருந்து வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. முதலாளியின் குரல் அலமாரிக்கு வெளியே வந்தது அதுதான் முதல் தடவை.

அவன் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். ரசிகன் அல்லவா! அத்தையும் கதாசிரியையும்கூட உட்கார்ந்துவிட்டார்கள். நின்றவர் கண்ணாடிக்காரர் ஒருவர்தான். அவரும் உட்கார இடம் தேடினார், கிடைக்கவில்லை.

பழைய சன்னக் குரலுக்கு வந்து சேர்ந்தார். "ஒரே ஒரு கேள்வி, மாப்பிள்ளை. அவளுக்கு வலிச்சுதான்னு என்னிக்காவது கேட்டீங்களா?"

"மாமா, அன்னிக்கெல்லாம் எனக்கு எவ்வளவு வலிச்சுதுன்னு உங்களுக்குத் தெரியாது. நான்—"

அவனே நிறுத்திக்கொண்டான். கதாசிரியை கையிலிருந்த தாளைக் குனிந்து பார்த்தாள். அவள் காலையில் எழுதியதும் அச்சு அசலாக அதே வரி. தாளை நான்காகக் கிழித்தாள்.

மகள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். கண்ணாடிக்காரர் பழக்க தோஷத்தில் குனிந்து, "இப்ப தெளிவா இருக்கா, முன்னாடி தெளிவா இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டார்.

"இப்பதான்," என்றாள் அவள்.

புருஷன் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து, 'அடுத்த திருப்பத்தில் இடது பக்கம்' என்று சொல்வாளே, அந்தக் குரல். "நீங்க திருந்தணும். நிஜமாத்தான் சொல்றேன், நல்லாத் திருந்துங்க. உங்களுக்கு நல்லது, நாளைக்கு உங்க பக்கத்துல இருக்கப்போற யாருக்கோ நல்லது. அதப் பாக்கறதுக்கு நான் கூடவே உட்கார்ந்திருக்கணும்னு அவசியம் இல்ல. என் காலுக்குக் கீழ பிரேக் இல்லாத வண்டியில இனிமே நான் ஏறமாட்டேன்."

அவன் எழுந்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். வாசல் வரைக்கும் போய்த் திரும்பினான். "அந்தத் தலையணை…"

"இருக்கட்டும் மாப்பிள்ளை," என்றாள் அத்தை. "சத்தம் நல்லா வருது."

செருப்பை மாட்டியவன் தயங்கினான். ஆசை யாரை விட்டது? "முதலாளிய அவ மன்னிச்சுடுவாளா?"

"காசு கட்டிக் கேளுங்க," என்று கதவைச் சாத்தினாள் கதாசிரியை.

சாத்திய கதவில் முதுகைச் சாய்த்து நின்று ஒரு மூச்சு அழுதாள். மகள் பக்கத்தில் போய் நின்றாள். "கை நிக்காதுன்னு உன்னத் திட்டியிருக்கேனேடி," என்று அம்மா தேம்பினாள். "ஆமா, ரெண்டு நாள் திட்டின," என்றாள் மகள். அழுகையும் சிரிப்பும் ஒரே நேரத்தில் வந்து, கதாசிரியைக்குக் குரல் கட்டிக்கொண்டது.

* * *

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எபிசோட் இன்னும் ஒரு வரி எழுதப்படவில்லை.

"அவன் மேல லாரிய ஏத்து," என்றாள் அத்தை. காலையில் அம்மா இல்லாத பிள்ளைக்காக உருகிய அதே அத்தை. "ரெண்டு லாரி. நான் சத்தம் தரேன்."

"லாரி ஏத்தினா உடனே மன்னிச்சுடுவாங்க அண்ணி. இவங்களுக்குக் கட்டு போட்ட ஆளப் பாத்தா போதும்."

"அவன் திருந்தட்டும்மா," என்றாள் மகள். "அழட்டும், டாக்டர்கிட்ட போகட்டும், என்ன வேணா பண்ணட்டும். அவ திரும்பி வரவேண்டாம். அவ்வளவுதான்."

"அப்ப ஹனிமூன்?"

"தனியாப் போகட்டும். இயற்கைக் காட்சி பாக்கட்டும்."

கதாசிரியை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினாள். ஒரு தாள்கூடக் கிழியவில்லை. கண்ணாடிக்காரர் அலமாரிக்குள் போய், முதலாளியாக ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வந்தார்: "உனக்கு ரொம்ப வலிச்சுதா?" அவ்வளவுதான் வசனம். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு ஐந்தாறு தடவை ஆனது.

அடுத்து நாயகி பேச வேண்டும். எப்போதும் நாயகிக்குக் கதாசிரியைதான் குரல். வாயைத் திறந்தாள், தகரம் உரசுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"தள்ளு, நான் சொல்றேன்," என்றாள் மகள்.

அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஹாலில் மூன்று பேரும் ஸ்பீக்கரைச் சுற்றி நின்றார்கள். கொஞ்ச நேரம் துணிகள் உரசும் சத்தம். பிறகு அவள் குரல், நிதானமாக.

"வலிச்சுது. நீங்க கேட்டது நல்லது. நான் கிளம்பறேன்."

அத்தை தட்டில் பட்டாணியை உருட்டவில்லை, கதவுச் சத்தம் தரவில்லை. அந்த இடத்தில் ஒரு சத்தமும் வேண்டாம் என்று அவளாகவே முடிவு செய்துவிட்டாள். கதாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு எபிசோடை அனுப்பினாள். அனுப்பிய ஐந்து நிமிஷத்தில் அவள் போன் அலறத் தொடங்கியது. திரையில் தயாரிப்பாளர். அவள் எடுக்கவில்லை.

ஏனென்றால் மகள் இன்னும் அலமாரியை விட்டு வெளியே வரவில்லை.

கண்ணாடிக்காரர் படுக்கையறைக்குள் போய் அலமாரி முன்னால் நின்றார். தட்டலாமா என்று கையைத் தூக்கினார், இறக்கினார். கதவு ஒரு விரல் அகலத்துக்குத் திறந்தது.

"அப்பா. நீங்க உள்ள பேசினது ஹால்ல கேட்டுச்சு."

"தெரியும்மா."

"நீங்க என்னிக்காவது கேப்பீங்கன்னுதான் ஒவ்வொரு தடவையும் உங்க கடைக்கே எடுத்துட்டு வந்தேன். எங்க தெருவுலயே ரெண்டு கண்ணாடிக் கடை இருக்கு."

மூக்குக்கண்ணாடியைத் துடைக்கக் கை போனது, துடைக்காமல் நின்றது.

"உள்ள வாங்க," என்றாள் மகள். "நான் கேக்கணும்."

ஒன்றரை ஆள் நிற்கிற அலமாரி. எப்படியோ உடம்பைக் குறுக்கிக்கொண்டு அவர் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

ஹாலில் ஸ்பீக்கர் லேசாகக் கரகரத்தது. யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். "ஏம்ப்பா—" என்று மகளின் குரல் ஆரம்பித்தது.

இந்த வீட்டில் ஒரு எபிசோடைக்கூட விட்டறியாத அத்தை எழுந்து போய் ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கினாள்.